ஏரிக்கு வரும் படகை என்ன செய்வது: கதவடைப்பா, வெந்நீரா, காத்திருப்பா?

2024 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் தங்க மட்டி கண்டறியப்பட்டது. சீனாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் சிறிய நன்னீர் மட்டி வட அமெரிக்காவில் தென்பட்டது அதுவே முதல் முறை. சில வாரங்களுக்குள் தெற்கே ஓநீல் முன்தேக்கத்திலும் அது காணப்பட்டது. அதனால் 2025ஆம் ஆண்டின் படகுப் பருவம் தொடங்குவதற்குள் அந்த மாநிலத்தின் ஏரி நிர்வாகங்கள் எல்லாம் ஒரே கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டியிருந்தது: விடுமுறை நாளில் டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரப்படும் பொழுதுபோக்குப் படகை ஏரியில் இறக்க விடலாமா, விடுவதானால் எந்த நிபந்தனையோடு? ஃபால்சம் ஏரி 30 நாள் காத்திருக்கச் சொன்னது. தாஹோ ஏரி வெந்நீரில் கழுவிய பிறகே இறக்கலாம் என்றது. சில நீர்த்தேக்கங்கள் படகு இறக்குவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தன. ஒரே மாநிலத்தில், ஒரே ஆபத்துக்கு, இத்தனை வேறுபட்ட விடைகள் ஏன் வந்தன என்பதையும், இன்னும் மட்டி புகாத ஓர் ஏரியைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர் இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் இக்கட்டுரை எடைபோடுகிறது.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென் அமெரிக்க மட்டி, கழிமுகத்தின் அடித்தரையைக் கம்பளம்போல மூடி இறாலுக்கு இடமில்லாமல் செய்ததை அறிந்தவர்களுக்கு இந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த மட்டி கப்பல்களின் வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது. வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் 1988இல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் காணப்பட்ட சீப்ரா மட்டியும் அப்படித்தான், கப்பல்கள் நிலைகுலையாமல் இருக்கத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும் எடைநீரோடு கடல் கடந்து வந்தது. அடுத்த ஆண்டிலேயே மிச்சிகனின் மன்ரோ நகரில் குடிநீர்க் குழாயின் வாயை அது அடைத்து, நகருக்கு நீர் நின்றுபோனது. ஆனால் கப்பல் செல்ல முடியாத உள்நாட்டு ஏரிகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பெரும்பாலும் சிறு படகுகளே. 2007 ஜனவரியில் நெவாடாவின் மீட் ஏரியில் அதன் உறவினமான குவாகா மட்டி கண்டறியப்பட்டபோது, அது ஏற்கெனவே வாழ்ந்துவந்த நீர்நிலைகள் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தன. இடையில் பாலைவனமும் மலைத்தொடரும் கிடக்க, அந்தத் தூரத்தை அது சாலை வழியாகத்தான் கடந்திருக்க முடியும்.

படகில் இவை பயணம் செய்யும் விதத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் எந்த வழிமுறையையும் ஒப்பிட முடியாது. முதலாவது, வளர்ந்த மட்டி நார் போன்ற இழைகளால் படகின் அடிப்புறத்திலும் இயந்திரத்தின் இடுக்குகளிலும் ஒட்டிக்கொண்டு வருவது. குளிர்ந்த, ஈரப்பதமான சூழலில் அது நீருக்கு வெளியே ஒரு மாதம்வரைகூட உயிரோடு இருக்கக் கூடும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத லார்வாக்கள் படகுக்குள் தங்கிய நீரில் மிதந்து வருவது. ஒரு பெண் சீப்ரா மட்டி ஓராண்டில் 10 லட்சம் முட்டைகள்வரை இடக் கூடியது. அவற்றிலிருந்து வரும் லார்வாக்கள் ஓரிடத்தில் ஒட்டுவதற்கு முன் சில வாரங்கள் நீரில் திரிகின்றன. மூன்றாவது வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிரெய்லரின் அச்சிலும் நங்கூரக் கயிற்றிலும் சுற்றிக்கொண்ட நீர்ப்பாசிக் கொத்தில் குட்டி மட்டிகள் ஒட்டியிருக்கும். செயின்ட் கிளேர் ஏரியிலிருந்து வெளியேறிய படகுகளை ஆராய்ந்தவர்கள், படகின் அடிப்புறத்தைவிட இந்தப் பாசிக்கொத்துகளே மட்டிகளை அதிகம் சுமந்து செல்வதைக் கண்டார்கள். பாசியே ஓர் ஆபத்துதான். யுரேசிய மில்ஃபாயில் என்னும் நீர்ச்செடியின் ஒரு துண்டு போதும், அது வேறோர் ஏரியில் வேர்விட்டுவிடும்.

அண்மைக் காலத்தில் நான்காவது ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பின்னால் பெரிய அலை எழுப்பி அதில் சறுக்கி விளையாடுவதற்கென்றே செய்யப்படும் படகுகளில், எடை கூட்டுவதற்காக ஏரி நீரை நிரப்பும் தொட்டிகள் உள்ளன. பம்பை இயக்கி அவற்றைக் காலி செய்தாலும் அடியில் கொஞ்சம் நீர் தங்கிவிடுகிறது. உரிமையாளர் முழு மனதோடு முயன்றாலும் அதை முற்றிலும் வெளியேற்ற முடியாதபடிதான் பல தொட்டிகளின் அமைப்பே இருக்கிறது. சாதாரண மீன்பிடிப் படகையும் இந்தப் படகையும் ஒரே தட்டில் வைத்து விதி எழுதும் நிர்வாகம் தொடக்கத்திலேயே தவறு செய்கிறது என்பது என் கருத்து.

இனி வழிமுறைகளுக்கு வருவோம். எல்லா இடங்களிலும் முதலில் கையாளப்படுவது விழிப்புணர்வு. 'சுத்தம் செய், வடித்துவிடு, உலர்த்து' என்ற மூன்று சொற்களை அறிவிப்புப் பலகையிலும் உரிமச் சீட்டிலும் அச்சிட்டு, படகுக்காரரின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடுவது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளைக் கொண்ட மின்னசோட்டா மாநிலத்தில் ஒவ்வோர் இறக்குதுறையிலும் காவல் வைப்பது எந்த வரவு செலவுக் கணக்கிலும் அடங்காது. ஆகவே அங்கே பழக்கத்தையே சட்டமாக்கினார்கள். படகைச் சாலையில் கொண்டுசெல்லும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றியிருக்க வேண்டும். படகுத்துறை மேடைகளையும் படகு தூக்கிகளையும் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு மாற்றுவதற்கு முன் 21 நாள் உலர விட வேண்டும். இத்துடன் 2014இல் இயற்றப்பட்ட ஏற்பாட்டின்படி மாவட்டங்களுக்கு ஆண்டுதோறும் சுமார் 1 கோடி டாலர் தடுப்புப் பணிக்காக வழங்கப்படுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே சீப்ரா மட்டி புதிய ஏரிகளுக்குப் பரவிக்கொண்டேதான் இருக்கிறது. இதை விழிப்புணர்வின் தோல்வி என்று சொல்வது நியாயமாகாது, ஏனெனில் அது இல்லாதிருந்தால் பரவல் இன்னும் விரைவாக நடந்திருக்கும். ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்காக நடந்துகொண்டாலும், மீதி ஒருவரின் படகு போதுமானது என்ற இடத்தில், பழக்கத்தை மட்டும் நம்பியிருப்பது ஓர் ஏரியைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

அடுத்தது, கண்ணாலும் கையாலும் சோதிப்பது. பயிற்சி பெற்ற ஒருவர் படகைச் சுற்றிவந்து அடிப்புறத்தையும் இயந்திரத்தையும் டிரெய்லரையும் பார்க்கிறார். அடிப்புறத்தைக் கையால் தடவுகிறார். புதிதாக ஒட்டிய குட்டி மட்டி கண்ணில் படாவிட்டாலும் உப்புத்தாளைத் தொட்டதுபோல விரலில் உறுத்தும். மட்டியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களும் சில மாநிலங்களில் இப்பணியில் இருக்கின்றன. மாதக்கணக்கில் மீட் ஏரியில் கட்டிப்போடப்பட்டு, அடிப்புறம் முழுவதும் மட்டி அப்பிய படகொன்று நேரே வந்து நின்றால், இந்தச் சோதனை அதைத் தவறாமல் பிடித்துவிடும். பெரிய ஆபத்துகளை வடிகட்டும் சல்லடையாக இதற்கு மாற்று இல்லை. ஆனால் சல்லடையின் கண்ணைவிடச் சிறியது லார்வா. யூட்டா, அரிசோனா எல்லையில் உள்ள பவல் ஏரியில் கட்டாயச் சோதனை பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தபோதே, 2013இல் அங்கே வளர்ந்த குவாகா மட்டிகள் காணப்பட்டன. அந்தச் சோதனையாளர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று எண்ண எனக்கு எந்தக் காரணமும் இல்லை. வடிக்கப்படாத ஒரு குவளை நீரில் என்ன இருக்கிறது என்பதை எந்தச் சோதனையாளராலும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே காரணம்.

அந்தக் குறையை நிரப்பவே வெந்நீர்க் கழுவல் வந்தது. மேற்கு மாநிலங்கள் பின்பற்றும் பொது நெறிமுறையின்படி, படகின் வெளிப்பரப்பில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீர் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 10 விநாடி பட வேண்டும். இயந்திரத்தின் குளிர்விப்புக் குழாய்களும் எடைநீர்த் தொட்டிகளும் அந்தச் சூட்டைத் தாங்கா; பம்புகளும் பிளாஸ்டிக் பாகங்களும் பழுதாகிவிடும். அதனால் உள்ளே சுமார் 49 டிகிரி நீரை இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாக ஓட விடுகிறார்கள். வேதிப்பொருள் எதுவும் இல்லை, வெறும் சூடுதான். கழுவிய நீர் ஏரிப் பக்கம் ஓடிவிடாமல் தனியே சேகரிக்கப்படுகிறது.

இந்த முறையின் சிறந்த எடுத்துக்காட்டு தாஹோ. 501 மீட்டர் ஆழமும், உலகப் புகழ்பெற்ற தெளிவும் கொண்ட அந்த ஏரி கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் பொதுவானது. மீட் ஏரிச் செய்தி வந்த மறு ஆண்டே, 2008இல், அங்கே கட்டாயச் சோதனை தொடங்கியது. ஏரிக்கரையில் நெரிசல் ஏற்படாதவாறு மேயர்ஸ், ஸ்பூனர் சம்மிட், ஆல்பைன் மெடோஸ் போன்ற சாலையோர இடங்களில் நிலையங்கள் அமைக்கப்பட்டன. ஏரியை விட்டு வெளியேறும் படகையும் டிரெய்லரையும் ஒரு கம்பி முத்திரையால் இணைத்துக் கட்டுகிறார்கள். அது அறுபடாமல் திரும்பி வந்தால் அந்தப் படகு வேறெங்கும் நீரில் இறங்கவில்லை என்று பொருள், மறுசோதனை தேவையில்லை. தங்க மட்டி வந்த பிறகு, 2025 பருவத்தில், முத்திரையில்லாத இயந்திரப் படகுகள் எல்லாம் வெந்நீர்க் கழுவலுக்கு உட்பட வேண்டும் என்று விதி இறுகியது. அந்த இறுக்கத்துக்கு ஒரு காரணம் சுண்ணாம்புச் சத்து. ஓட்டைக் கட்டிக்கொள்ள மட்டிக்குக் கால்சியம் வேண்டும். கருங்கல் மலைகளிலிருந்து வடியும் தாஹோ நீரில் அது குறைவு. குவாகாவுக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்ற சிறு ஆறுதல் முன்பு இருந்தது. தங்க மட்டியோ அதைவிடக் குறைந்த கால்சியத்திலும் வாழக் கூடியது. இயற்கை போட்டிருந்த வேலி இல்லாமல் போனபோது மனிதர் போடும் வேலி உயர வேண்டியதாயிற்று.

தாஹோவின் திட்டம் நல்ல பலன் தந்திருக்கிறது. இன்றுவரை அங்கே சீப்ராவோ குவாகாவோ குடியேறவில்லை. ஆயினும் 2023இல் நியூசிலாந்துச் சேற்று நத்தை அந்த ஏரியின் தென்கரையருகே காணப்பட்டது. மிளகளவுகூட இல்லாத அந்த நத்தை, மீன்பிடிப்போரின் நீள்காலணியிலும் துடுப்புப் படகிலும் ஒட்டிக்கொண்டு வரக் கூடியது. இயந்திரப் படகின்மேல் வைத்த கண்ணை அது எளிதாகத் தாண்டிவிடும். மேலும், வெந்நீர் நிலையம் என்பது கொதிகலன், நீர்ச் சேகரிப்பு, பயிற்சி பெற்ற ஆட்கள், பருவம் முழுவதும் சம்பளம் என்று பெருஞ்செலவு. பெரும் எண்ணிக்கையில் வரும் விருந்தினரும், இரு மாநிலங்களின் ஆதரவும், கட்டணம் செலுத்தத் தயங்காத படகு உரிமையாளர்களும் உள்ள தாஹோ அதைத் தாங்கும். ஒரு சிற்றூரின் குடிநீர்த் தேக்கம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அவசரத்தில் பத்து விநாடி நான்கு விநாடியாகச் சுருங்கினால் பயன் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த முறையின் வலிமை முழுவதும் அதைச் செய்பவரின் பொறுமையில் இருக்கிறது.

காத்திருப்பு இதற்கு நேர்மாறானது. அதற்குக் கொதிகலன் வேண்டாம், திறமையான கை வேண்டாம், நாட்கள் மட்டும் வேண்டும். ஃபால்சமில் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு எளிமையானது. படகைச் சுத்தமாகவும் உலர்வாகவும் கொண்டுவந்தால், டிரெய்லரோடு சேர்த்துக் கம்பி முத்திரை இடுவார்கள். 30 நாள் அது அறுபடாமல் இருந்தால் படகை இறக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் புது முத்திரை இட்டுக்கொண்டால் மறுபடி காத்திருக்கத் தேவையில்லை. வென்ச்சுரா பகுதிக்குக் குடிநீர் தரும் கசிட்டாஸ் ஏரி இதே பாதையில் முன்பே நடந்தது. 2008இல் வெளிப்படகுகளை முற்றாகத் தடுத்த அந்த நிர்வாகம், பின்னர் தடையைத் தளர்த்தி, முத்திரையோடு கூடிய காத்திருப்புக் காலத்தைக் கொண்டுவந்தது. அதற்கு அருகிலேயே உள்ள பிரு ஏரியில் 2013இல் குவாகா மட்டி நுழைந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கசிட்டாஸ் நிர்வாகத்தின் கண்டிப்பு மிகையானதாக எனக்குத் தோன்றவில்லை.

காத்திருப்பின் சிறப்பு, அது கண்ணுக்குத் தெரியாததையும் விட்டுவைப்பதில்லை என்பதுதான். கோடை வெயிலில் வளர்ந்த மட்டி ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்; குளிர்காலத்தில் நாட்கள் கூடும்; 30 நாள் என்பது மோசமான பருவநிலையையும் ஓரளவு கணக்கில் எடுத்துக்கொண்ட எண். இடுக்கில் இருப்பதும் அடியில் தங்கியதும் யாரும் தேடாமலே அழிகின்றன. முத்திரையோ, படகுக்காரரின் வாக்கை நம்புவதா வேண்டாமா என்ற சங்கடமான கேள்வியையே நீக்கிவிடுகிறது. கம்பி அறுந்திருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. கோடைக்கால வேலைக்கு வந்த கல்லூரி மாணவரும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. மூடிய தொட்டியில் தங்கிய நீர் 30 நாளில் முழுவதும் காயும் என்று சொல்ல முடியாது. எடைநீர்த் தொட்டியுள்ள படகுகளுக்குக் காத்திருப்போடு வெந்நீரையும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

குறை யாருக்கு என்றால், ஒரு வாரம் இந்த ஏரி, மறு வாரம் அந்த ஏரி என்று சுற்றும் மீன்பிடிப் போட்டியாளருக்கும், வெளியூரிலிருந்து நான்கு நாள் விடுமுறையில் வருபவருக்கும்தான். அவர்களுடைய வருத்தம் உண்மையானது. கரையோரத் தங்கும் விடுதிக்காரரின் வருமானமும் அதோடு சேர்ந்து குறையும். ஆனால் மட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோகும் வாய்ப்பு மிகுந்ததும் அதே சுற்றுப் பயணம்தான். பக்கத்து ஊரில் வசித்து, ஆண்டு முழுவதும் ஒரே ஏரியில் மீன்பிடிக்கும் முதியவருக்கு இந்த விதியால் முதல் மாதத்துக்குப் பிறகு எந்தச் சிரமமும் இல்லை. ஆபத்து எங்கே கூடுதலோ அங்கேயே சுமையும் கூடுதலாக விழுவதால், மற்றெந்த முறையையும்விட இதில் நியாயம் அதிகம் என்று கருதுகிறேன்.

முழுக் கதவடைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படகே வராவிட்டால் படகு வழியாக மட்டி வராது. ஒரே ஒரு சிறிய குடிநீர்த் தேக்கத்தை நம்பி ஒரு நகரம் இருக்குமானால், அந்த முடிவைக் குறைகூற முடியாது. கலிபோர்னியாவின் சான் ஹூஸ்டோ தேக்கத்தில் 2008 ஜனவரியில் சீப்ரா மட்டி கண்டறியப்பட்டதும் அது மூடப்பட்டது. ஆனால் அங்கே நோக்கம் வேறு, உள்ளே இருப்பது வெளியே போகாமல் தடுப்பது. சுத்தமான ஏரியை மூடுவதில் ஒரு நுட்பமான இழப்பு இருக்கிறது. ஏரியில் படகு விடும் மக்களே அதன் கரையில் புதிதாக எது முளைத்தாலும் முதலில் காண்பவர்கள். அவர்களை வெளியேற்றினால் ஏரி தன் காவலர்களில் பாதியை இழக்கிறது.

வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சிலர் ஒரு வழியாகப் பேசுகிறார்கள். ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸ் அருகே ஸ்நேக் ஆற்றில் 2023 செப்டம்பரில் குவாகா லார்வா கண்டறியப்பட்டது. உடனே, அக்டோபரிலேயே, சுமார் 30 லட்சம் டாலர் செலவில் செம்பு கலந்த மருந்து ஆற்றில் ஊற்றப்பட்டது. மட்டியோடு மீன்களும் டன் கணக்கில் மடிந்தன. 2024 செப்டம்பரில் மட்டி மீண்டும் தென்பட, மருந்தும் மீண்டும் ஊற்றப்பட்டது. மின்னசோட்டாவின் கிறிஸ்மஸ் ஏரியில் 2014இல் ஒரு மூலையில் மட்டுமே இருந்த சீப்ரா மட்டிக்கு அடுத்தடுத்து வெவ்வேறு மருந்துகளை இட்டும், மறு ஆண்டு அவை வேறிடத்தில் காணப்பட்டன. வெர்ஜீனியாவின் மில்புரூக் கல்குவாரியில் 2006இல் பொட்டாசியம் குளோரைடு இட்டு மட்டியை முற்றாக ஒழித்தார்கள். ஆனால் அது சுமார் 12 ஏக்கர் அளவுள்ள, நான்கு பக்கமும் மூடிய ஒரு குழி. தாஹோவிலோ ஃபால்சமிலோ அதைச் செய்ய முடியாது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது என் பரிந்துரை இப்படி அமைகிறது. நடுத்தர அளவுள்ள, ஒன்றிரண்டு இறக்குதுறைகளே கொண்ட ஏரிகளுக்கு முத்திரையும் 30 நாள் காத்திருப்பும் போதுமான, தாங்கக் கூடிய காவல். எடைநீர்த் தொட்டியுள்ள படகுகளுக்கு மட்டும் அருகிலுள்ள பெரிய நிலையத்தில் வெந்நீர்க் கழுவல். வெளியூர் விருந்தினரை நம்பியே வாழும் பெரிய ஏரிகள் காத்திருப்பைத் திணிக்க முடியாது. அவை தாஹோவைப் போல வெந்நீருக்கான செலவை ஏற்றாக வேண்டும், உள்ளூர்ப் படகுகளுக்கு முத்திரையால் சலுகை தரலாம். இறக்குதுறைகள் எண்ணிலடங்காத மின்னசோட்டா போன்ற நிலப்பகுதியில் இரண்டுமே நடவாது. அங்கே மட்டி ஏற்கெனவே புகுந்த, படகுகள் மிகுதியாக வந்துபோகும் சில ஏரிகளின் வெளியேறும் வழியில் ஆட்களையும் பணத்தையும் குவிப்பதே அறிவுடைமை. சுத்தமான ஆயிரம் ஏரிகளின் வாசலில் நிற்பதைவிட, மட்டியுள்ள நூறு ஏரிகளின் வாசலில் நிற்பது எளிது. இந்த எளிய கணக்கு பெரும்பாலான விவாதங்களில் பேசப்படாமலே போவது எனக்கு வருத்தமளிக்கிறது.

காயக், துடுப்புப் பலகை, மீன்பிடித் தூண்டில் ஆகியவற்றுக்கு முத்திரை பொருந்தாது. அவற்றில் தொட்டியோ இயந்திரமோ இல்லாததால் துடைத்து உலர்த்துவதே பெரும்பாலும் போதும். எனவே விழிப்புணர்வுக்கான பணத்தை இவர்களிடமே முதலில் செலவிடலாம். இறக்குதுறையில் ஒரு துடைப்புத் துணியும், தூரிகையும், பாசியைப் போடுவதற்கு ஒரு தொட்டியும் இருந்தால், பலகையில் எழுதிய வாசகத்தைவிட அவை அதிகம் வேலை செய்யும்.

காத்திருப்பைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் நாட்காட்டியையும் பார்க்க வேண்டும். மே மாதத்தில் ஏரி திறக்கிறது என்றால் முத்திரையிடும் நிலையம் மார்ச் மாதமே இயங்கியிருக்க வேண்டும், அறிவிப்பு அதற்கும் முன்னதாகக் குளிர்காலத்திலேயே படகு உரிமையாளர்களைச் சென்றடைய வேண்டும். முந்தைய இலையுதிர் காலத்தில் ஏரியைவிட்டுப் போகும்போதே முத்திரையிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. அந்தப் படகுகளின் 30 நாட்கள் உரிமையாளரின் கொட்டகையில், யாருக்கும் இடைஞ்சலில்லாமல், பனிக்காலத்திலேயே கழிந்துவிடும்.